புலியின் கோடும் பூனையின் சூடும்

எங்கள் குழுவில் ராவான் என்ற தோல் பறையை அடிக்கிற பையன் சனிக்கிழமை ஒத்திகைக்கு எப்போதும் ஒரே கறுப்பு டி-ஷர்ட்டைத்தான் போட்டுக்கொண்டு வருவான். நெஞ்சுப் பக்கம் மலைத்தொடர் மாதிரி வெள்ளைக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும். "இது என்னப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். "டிசைன், மிஸ். கத்ர போர்ன் சந்தையில் வாங்கினது" என்றான். அது ஓர் இசைத்தட்டின் அட்டை என்று அவனுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது தெரியாது. வீட்டுக்குப் போய்த் தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் மொரீஷியஸில் ஓர் இடைநிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஓவியமோ வடிவமைப்போ படித்தவள் இல்லை. போன வருடம் ஐந்து மாணவர்கள் சேர்ந்து காவடிப் பாட்டு மெட்டுகளை ராவான், மராவான் என்ற குலுக்குப் பெட்டி, ட்ரயாங்கிள் வைத்துப் பாடி நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். கொஞ்சம் சிடியாகவும் மிச்சம் இணையத்திலும் வெளியிடுவதாகத் திட்டம். இந்தக் காலத்தில் சிடி எதற்கு என்று கேட்கலாம். எங்கள் ஊர்ப் பெரியம்மாக்களின் காரில் இன்னும் சிடி ஓடுகிறது, அவ்வளவுதான். பாட்டு முடிந்ததும், "அட்டைதானே மிஸ், ஒரு சாயங்கால வேலை" என்றார்கள் பிள்ளைகள். ஏழு வாரம் ஆயிற்று.

முதல் வாரம் கைப்பேசியில் தேடினார்கள். மூன்றே நாளில் இருநூறு அட்டைப் படங்கள் சேர்ந்துவிட்டன. பரப்பிவைத்துப் பார்த்தால் இருநூறும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒரு படத்தைத் தொட்டால் அதே சாயலில் இன்னும் பத்தை எடுத்துக் கொடுக்கிறது இயந்திரம். பிடித்ததையே தொட்டுக்கொண்டிருந்தால் பிடித்ததே வந்துகொண்டிருக்கும். அப்புறம் முதல் வரைவைக் கொண்டுவந்தார்கள். டி-ஷர்ட்டில் இருந்த அதே கோடுகள், நீல நிறத்தில். "கடல் அலை, மிஸ்." மூலையில் ஒரு மயில்.

"புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஐந்து பேரும் என்னையே பார்த்தார்கள். இங்கே பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் அவர்களுக்கு வகுப்பிலும் கோவிலிலும் கிடைக்கிற மொழி. பழமொழி என்றால் விளக்கித்தான் ஆகவேண்டும். புலியின் உடம்பில் இருக்கிற கோடு தனக்கும் வேண்டும் என்று பூனை ஆசைப்பட்டு, கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தன் உடம்பில் இழுத்துக்கொண்டது என்று சொன்னேன். பாடுகிற பெண் கேட்டாள்: "சரி மிஸ், புலிக்கு அந்தக் கோடு எப்படி வந்தது?"

அந்தக் கேள்விக்காக அவளுக்கு ஒரு பரிசு கொடுத்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் செய்த தேடல் முழுவதும் அந்த ஒரு கேள்விதான்.

டி-ஷர்ட்டிலிருந்தே தொடங்கினோம். அந்த அட்டை 1979இல் வந்த ஜாய் டிவிஷன் குழுவின் முதல் ஆல்பத்துடையது. வடிவமைத்தவர் பீட்டர் சாவில். ஆனால் கோடுகளை அவர் வரையவில்லை. 1967இல் ஜோசலின் பெல் பர்னெல் முதன்முதலில் கண்டுபிடித்த துடிவிண்மீனிலிருந்து (பல்சர்) வந்த ரேடியோத் துடிப்புகள் அவை. ஹரோல்ட் கிராஃப்ட் என்ற ஆய்வாளர் 1970இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்காக அவற்றைக் கணினியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரையவைத்தார். அது பிறகு ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் அச்சாகியிருந்தது. குழுவினரே அந்தப் படத்தைக் கொண்டுவந்து கொடுக்க, வெள்ளையில் கறுப்பாக இருந்ததை சாவில் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பினார். முன்பக்கத்தில் குழுவின் பெயர்கூடக் கிடையாது. தம் வரைபடம் இசைத்தட்டின் அட்டையாகிவிட்டது கிராஃப்டுக்குப் பின்னால்தான் தெரியவந்ததாம். ராவான் பையன் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தான். "அப்போ நான் ஒரு நட்சத்திரத்தைப் போட்டுக்கொண்டு சுற்றுகிறேனா?"

ஒரு அட்டைக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொண்டோம். அழகாக இருக்கிறதா என்று யாரும் எழுதக்கூடாது. எந்த ஆண்டு, என்ன அளவு, படம் எங்கிருந்து வந்தது, எத்தனை நிறம், முன்பக்கத்தில் எதை விட்டுவிட்டார்கள் என்று மட்டும் எழுதவேண்டும். கடைசிக் கேள்விதான் மிகவும் பயன்பட்டது. இருப்பது எல்லோர் கண்ணிலும் படும். இல்லாததைப் பார்க்கத்தான் பழக்கம் வேண்டும்.

இருநூறு அட்டை பன்னிரண்டாகக் குறைந்தது. அதுவே அதிகம் என்பேன். நான்கைந்தை ஆழமாகத் தோண்டியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

ஆல்பம் என்ற சொல்லின் கதையே பிள்ளைகளுக்குப் புதிது. பழைய 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் கொள்ளும். நீளமான இசை என்றால் பல தட்டுகள் வேண்டும். அவற்றைப் புகைப்பட ஆல்பம் போலக் கட்டிய உறைகளில் செருகி விற்றதால் வந்த பெயர் அது. அந்த உறைகள் பெரும்பாலும் வெறும் பழுப்புத் தாள்தான். கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் சேர்ந்து, ஒவ்வொரு ஆல்பத்துக்கும் தனிப் படம் போடலாம் என்று தொடங்கியது 1940ஐ ஒட்டித்தான். 1948இல் நீள் இசைத்தட்டு வந்ததும் பன்னிரண்டு அங்குலச் சதுரம் ஒன்று ஓவியர்கள் கைக்குக் கிடைத்தது.

பிள்ளைகளை அதிகம் பாதித்தவை புளூ நோட் நிறுவனத்தின் ஜாஸ் அட்டைகள். 1950களின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ரீட் மைல்ஸ் அவற்றை வடிவமைத்தார். புகைப்படங்களில் பெரும்பாலானவை பிரான்சிஸ் உல்ஃப் எடுத்தவை. பல அட்டைகளில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அதன்மேல் ஒரே ஒரு நிறம், பெரிய எழுத்து. வேறொன்றும் இல்லை. அச்சு மைக்கு அதிகம் செலவழிக்க முடியாததை அவர்கள் அழகாக்கிக்கொண்டார்கள். "நம்மிடமும் பணம் இல்லை, மிஸ்" என்றாள் மராவான் ஆட்டுகிற பெண், ஏதோ நல்ல செய்தி சொல்கிற குரலில்.

பணம் இல்லாதவர்களுக்கும் ஆசை உண்டு. சிடி உறையில் ஒரு துண்டு ஆட்டுத்தோலை ஒட்டலாம் என்று யோசனை வந்தது. ராவான் ஆட்டுத்தோலால் ஆனது, அதனால். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1971 ஆல்பம் ஒன்றின் கதையைச் சொன்னேன். அட்டையில் ஜீன்ஸ் படம், அதில் நிஜ ஜிப். லாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் போனபோது ஜிப் பக்கத்துத் தட்டை அழுத்திப் பள்ளமாக்கிவிட்டது. கடைசியில் ஜிப்பைப் பாதிவரை இறக்கிவைத்து அனுப்பினார்கள். அப்போது அழுத்தம் நடுவில் இருக்கும் காகித லேபிளில் விழும், பாட்டுக்கு ஆபத்தில்லை. ஆட்டுத்தோல் யோசனை அன்றே செத்தது.

நான்காவது வாரம் க்யூர்பீப்பில் அம்மா வீட்டுக்குப் போய் அப்பாவின் தட்டுப் பெட்டியைத் திறந்தேன். க்யூர்பீப் மழை ஓயாத ஊர் என்று இங்கே யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. பெட்டியைத் திறந்ததுமே பூஞ்சை வாடை. மேலே எச்எம்வி நிறுவனம் போட்ட தமிழ்ப் படப் பாட்டு இபிகள், ஏழு அங்குலச் சிறு தட்டுகள். கீழே ராவான் அடித்துப் பாடுகிற மொரீஷியஸ் பாட்டான சேகாவின் 45 சுழற்சித் தட்டுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் அப்பாவின் பெயர், வாங்கிய தேதி. சில அட்டைகளில் உள்ளே இருந்த தட்டின் வட்டம் வெளியே தேய்ந்து வெளிறிப் பதிந்திருந்தது, நெற்றியில் தொப்பி பதிந்த தடம் மாதிரி. அதைக் கைப்பேசித் திரை காட்டாது. பள்ளிக்கு எடுத்துப் போனேன். பிள்ளைகள் முதலில் பார்த்ததே அந்த வட்டத்தைத்தான். தடவித் தடவிப் பார்த்தார்கள்.

படப் பாட்டு அட்டைகள் எல்லாம் முகம். கதாநாயகன், கதாநாயகி, படத்தின் பெயர். வாங்குகிறவருக்கு எந்தப் படம் என்று தெரிந்தால் போதும். இசையமைப்பாளர் பெயர் சின்ன எழுத்தில் ஓரத்தில். சேகா அட்டைகளில், அப்பாவிடம் இருந்தவரை, கடற்கரை, தென்னை, விரித்துப் பிடித்த பூப்போட்ட பாவாடை. ராவான் எங்கே என்று தேடினால் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கும். "இது யாருக்காகப் போட்ட படம்?" என்று கேட்டேன். "ஓட்டலுக்கு வருகிறவர்களுக்கு" என்றான் ராவான் பையன், கொஞ்சம் கோபமாகவே. 2014இல் யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் ஏறிய பாட்டு, அட்டையில் ஓரத்தில் நிற்கிறது.

நாங்கள் செய்ததிலேயே உருப்படியான பயிற்சி இதுதான்: ஒரு அட்டையை அரை நிமிடம் பார்க்கவேண்டும், பிறகு மூடிவிட்டுத் தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் நினைவிலிருந்து வரையவேண்டும். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 1973 ஆல்பத்து அட்டையில் இருக்கும் முப்பட்டகத்தை எல்லோரும் வரைந்துவிட்டார்கள், வரையவே வராதவன் உட்பட. படப் பாட்டு அட்டையை ஒருவராலும் வரையமுடியவில்லை. ஆனால் அந்த நடிகை பார்த்த பார்வை எல்லோருக்கும் நினைவிருந்தது. இரண்டும் இரண்டு வகை வெற்றி. அப்புறம் தங்கள் வரைவுகளையும் அதே மாதிரி மூடிவைத்து வரைந்தார்கள். தங்கள் மயில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதே அவர்களுக்கு நினைவில்லை.

மயில் போயிற்று. முருகன் படம் போடலாம் என்ற யோசனையும் போயிற்று. கோவிலில் கேட்டபோது ஒரு பெரியவர், "இது கால்பட்ட இடத்தில் கிடக்கும், குப்பைக்கும் போகும், சாமி படம் வேண்டாம்மா" என்றார். நியாயம்தான். தவிர அந்தப் படம் யாரோ எடுத்தது. யாரிடம் அனுமதி கேட்பது என்றே தெரியவில்லை. இணையத்தில் கிடைத்தது என்பதற்காக எடுத்துப் போட்டுவிட முடியாது.

அப்போது தொகுப்பின் பெயர் 'கரும்புக் காட்டுக் காவடி'. எனக்கு மிகவும் பிடித்த பெயர், நான் வைத்தது. கைப்பேசியில் பாட்டுப் பட்டியலில் அட்டை விரல்நகம் அளவில்தான் தெரியும் என்பதால், எல்லா வரைவுகளையும் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சுருக்கி அச்செடுத்துச் சுவரில் ஒட்டினோம். நான்கு எட்டுத் தள்ளி நின்று பார்த்தால் பெயரில் இருந்த நான்கு புள்ளிகளில் ஒன்றுகூட இல்லை. 'கருமபுக காடடுக காவடி.' ஓலைச்சுவடிக் காலத்தில் ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி வைக்கமாட்டார்கள். நாங்கள் கைப்பேசிக் காலத்தில் அங்கேயே போய்ச் சேர்ந்தோம். இங்கிலீஷ்காரர்களுக்குப் பெரிய எழுத்து இருக்கிறது, எழுத்துகளுக்கு நடுவே இடம்விட்டு அழகு பார்க்கலாம். தமிழில் அந்த வேலை ஆகாது. இடைவெளியை அகலமாக்கினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்தே பிரிந்துபோகும். சின்னச் சதுரத்துக்குச் சின்னப் பெயர்தான் பொருந்தும் என்று நானே ஒத்துக்கொள்ளவேண்டி வந்தது. மனசு வலித்தது, சொல்லாமல் என்ன.

புதுப் பெயர் தேடி யாரும் உட்காரவில்லை. அது தெற்குக் கடற்கரை ஊரான சூயாக்கில் கிடைத்தது. ராவான் பையனின் தாத்தா அங்கே இருக்கிறார். தாத்தா வாசிப்பதற்கு முன் முற்றத்தில் காய்ந்த கரும்புச் சோகையைப் போட்டு நெருப்பு மூட்டி, ராவானை அதன்முன் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்து கிடக்கும். சூடு ஏற ஏற இறுகும். நடுவிரலால் சுண்டிப் பார்ப்பார். முதலில் ஈரத் துணியைத் தட்டிய மாதிரி 'தொப்' என்று கேட்கும், பிறகு மெல்ல மெல்ல 'தும்' என்று திரளும். தோலின் ஓரத்தில் பல வருட நெருப்பின் பழுப்பு வளையம். "மிஸ், இதற்குத் தமிழில் என்ன சொல்வது?" என்றாள் பாடுகிற பெண். "சூடு காட்டுவது" என்றேன். கொஞ்ச நேரம் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பூனை போட்டுக்கொண்டதும் சூடுதானே?"

இரண்டே எழுத்து. புள்ளியே இல்லை. 'சூடு.'

படத்தை அன்றே எடுத்தோம். தாத்தா உள்ளே தேநீர் போடப் போயிருந்த நேரம், பேரன் ராவானைப் பிடித்துக்கொண்டான். தோலுக்குப் பின்னால் நெருப்பு, தோலில் விரல்களின் நிழல். கைப்பேசிக் கேமராதான். அதில் படத்தின் குறுகிய பக்கம் 3024 பிக்சல் இருந்தது. இணையத்தில் பாட்டு ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் 3000க்கு 3000 சதுரம் கேட்கிறார்கள். வெட்டினால் சரியாக வந்தது. ஆனால் வடிவமைக்கிற பையனுக்கு அதை வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பிவிட்டார்கள். வாட்ஸாப் அதை 1600க்கு 1200 ஆகச் சுருக்கிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. சிடி உறையின் முகப்பு 12 சென்டிமீட்டர் சதுரம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 1417 பிக்சல் வேண்டும். வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமல் இருக்க நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூட விட்டால் ஏறக்குறைய 1490. எங்களிடம் இருந்தது 1200. மாதிரி அச்சில் நெருப்பு கஞ்சி மாதிரிக் குழைந்திருந்தது. படம் அனுப்பும்போது டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். இந்த ஒன்றை அன்று யாராவது சொல்லியிருந்தால் ஒரு மாதிரி அச்சின் காசு மிஞ்சியிருக்கும்.

நிறமும் காலை வாரியது. திரையில் தகதகத்த ஆரஞ்சு, தாளில் செங்கல் நிறமாக வந்தது. திரை ஒளியால் காட்டுவதை அச்சகத்தின் நான்கு மையால் காட்டமுடியாது. புளூ நோட்டை நினைத்துக்கொண்டு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நெருப்புப் பகுதிக்கு மட்டும் ஒரே ஒரு சிவப்பு வைத்தோம். முன்னதைவிட நன்றாகவே இருந்தது. இப்போதுகூட அந்தத் தோல்விக்கு நன்றி சொல்கிறேன்.

பெரிய கூத்து எழுத்தில் நடந்தது. பின்பக்கத்துக்கு நான் தட்டச்சு செய்து அனுப்பியதை அச்சகத்தில் அவர்கள் மென்பொருளில் ஒட்டியபோது 'கொட்டு' என்ற சொல்லில் கொம்பும் காலும் சேர்ந்து க-வுக்குப் பின்னால் போய் நின்றன. அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஏதோ சுருள் சுருளாக இருக்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். யூனிகோட் எழுத்து சரியாகவே இருந்தது. இல்லஸ்ட்ரேட்டர் மாதிரி மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான் கொம்பு தன் இடத்துக்கு வரும். அதைச் சரிசெய்து, எழுத்தை எல்லாம் வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் சிதறாது. கொடுப்பதற்கு முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அச்சுத்தாளில் எழுத்து எழுத்தாக வாசித்தே ஆகவேண்டும். நான் வாசித்தேன், இரண்டு முறை.

முன்பக்கத்துக்கு எழுத்துருவே தேவைப்படவில்லை. சூயாக் முற்றத்து நெருப்பு அணைந்ததும் மராவான் பெண் ஒரு கரித்துண்டைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்தாள். அதாலேயே 'சூடு' என்று நாற்பது தடவை எழுதினாள். முப்பத்தொன்றாவதை எடுத்துக்கொண்டோம். சூவின் சுழி முடிகிற இடத்தில் கரி உடைந்து தூளாகத் தெறித்திருக்கும். அதை அழிக்கவேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னோம்.

பின்பக்கத்தில் ஒரு சண்டை. தமிழ், கிரியோல், ஆங்கிலம் மூன்றிலும் பாட்டுப் பெயர்கள். வடிவமைக்கிற பையன் ஆங்கிலம் மேலே, கிரியோல் நடுவில், தமிழ் அடியில் சின்னதாக வைத்திருந்தான். "கீழே வைத்தால் என்ன மிஸ்?" பர்ஸிலிருந்து எங்கள் ஊர் ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். 1998இல் வந்த புது நோட்டுகளில், ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழைத் தேவநாகரி எழுத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்று, அடுத்த ஆண்டு வரிசையை மாற்றி அச்சடித்தார்கள். "ஒரு வரி மேலே கீழே போனதற்கா?" என்றான். ஒரு வரிக்குத்தான். அவன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தினமும் கையில் புழங்குகிற தாளில் தமிழ் எண் இருப்பதை அன்றுதான் கவனித்தானாம். கடைசியில் மூன்று மொழியையும் ஒரே அளவில், பக்கம் பக்கமாக, மூன்று பத்திகளாக வைத்தான். இடப்பக்கம் தமிழ். அடியில் பெயர்கள்: படம் எடுத்தவர், எழுத்து எழுதியவர், ராவானைப் பிடித்த கை, நெருப்பு மூட்டிய தாத்தா. வானியல் வரைபடக்காரரின் கதையைக் கேட்ட பிறகு யார் பெயரையும் விட அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஐம்பது சிடி போட்டோம். முதல் பிரதியைச் சூயாக்குக்குக் கொண்டுபோனோம். தாத்தாவிடம் சிடி போடுகிற பெட்டி கிடையாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பேரன் காத்துக்கொண்டிருந்தான். தாத்தா விரலை நெருப்பின்மேல் வைத்து, கிரியோலில் சொன்னார்: "இவ்வளவு கிட்டே பிடித்தால் தோல் வெடித்துவிடும். யார் பிடித்தது இது?"